2025 செட்: வாய்வழி வந்த பாடங்கள்

எங்கள் செட் எட்டாம் வகுப்பைக் கண்ணால் பார்க்காமலே பன்னிரண்டாம் வகுப்பை முடித்த செட். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது ஏழாவது படித்துக்கொண்டிருந்தோம். முழு ஆண்டுத் தேர்வு நடக்கவில்லை, எல்லோரும் பாஸ். எட்டாவது முழுக்க வீட்டிலேயே போயிற்று. 2021 செப்டம்பர் 1ஆம் தேதி ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் பள்ளி திறந்தார்கள். நேராகப் போய் ஒன்பதாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்புறம் 2023இல் பத்து, 2024இல் பதினொன்று, 2025இல் பன்னிரண்டு என்று மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-26இலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. கொருக்குப்பேட்டை, எழில் நகர், புது வண்ணாரப்பேட்டை, காசிமேடு, எர்ணாவூர் என்று பல பக்கத்திலிருந்தும் வருவார்கள். அப்பாக்களில் பாதிப் பேர் துறைமுகத்தை நம்பிய பிழைப்பு. வடசென்னைப் பிள்ளைகள் என்றதும் சிலர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். சினிமாவில் பார்த்த கத்தி, பாக்ஸிங், கேரம் போர்டு எல்லாவற்றையும் எங்கள் வகுப்பில் தேடினால் கேரம் போர்டு மட்டும்தான் கிடைக்கும். அதற்கும் ஸ்ட்ரைக்கர் இருக்காது.

எங்களில் யாருக்கும் மூளைக்குக் குறைச்சல் கிடையாது. விஷயம் தெரிந்த ஆள்தான் வீட்டில் கிடையாது. எந்த குரூப் எடுத்தால் பின்னால் எது படிக்க முடியாது, எந்தச் சான்றிதழுக்கு எப்போது எழுதிப்போட வேண்டும், ஃபெயிலானால் என்ன வழி என்பதெல்லாம் படித்த குடும்பங்களில் சாப்பிடும்போதே பேச்சோடு பேச்சாகத் தெரிந்துவிடும். எங்களுக்கு அது வகுப்பில் ஒருத்தர் சொல்லி இன்னொருத்தருக்குத் தெரிந்தது. சிலருக்கு நேரத்துக்குத் தெரிந்தது, சிலருக்குக் காலம் கடந்து தெரிந்தது. இந்த வருஷம் படிக்கிறவர்களுக்கும் அவர்களுடைய அம்மா அப்பாவுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன். ஆட்களைப் பெயர் போடாமல் ஊர் பெயரிலேயே சொல்கிறேன். வகுப்பிலும் பாதிப் பேரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

முதலில் அந்தக் காணாமல் போன எட்டாம் வகுப்பு.

எங்கள் வீட்டில் அப்போது ஒரே போன். அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். போன் அவரோடு துறைமுகத்து ஜீரோ கேட் லாரி வரிசையில் நின்றுகொண்டிருக்கும். டீச்சர் வாட்ஸாப்பில் காலையில் அனுப்பிய பாடத்தை ராத்திரி அவர் வந்த பிறகுதான் பார்க்க முடியும். அதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடத்தினார்கள், நன்றாகவே நடத்தினார்கள். ஆனால் டிவியில் சந்தேகம் கேட்க முடியாது, பக்கத்தில் தம்பி ரிமோட்டைப் பிடுங்குவான்.

ஒன்பதாவதில் கணக்கு சார் போர்டில் காரணிப்படுத்தும் கணக்கு ஒன்றை எழுதிவிட்டு, “இது எட்டாவதுலயே படிச்சிருப்பீங்களே” என்றார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “அப்ப நாங்க டிவி பாத்துனு இருந்தோம் சார்.” வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டார். ஆனால் அடுத்த இரண்டு வருஷமும் எங்களுக்குக் கணக்கில் அடி விழுந்தது அந்த இடத்தில்தான். பத்தாவதில் இருபடிச் சமன்பாடு வரும். காரணிப்படுத்தத் தெரியாதவருக்கு அதில் முதல் வரிக்கு மேல் போகாது.

இதற்கு வழி கண்டுபிடித்தது புது வண்ணாரப்பேட்டைக்காரி. அவள் அக்காவின் பழைய எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அதை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். அவள் வேறு மாதிரி செய்தாள். பின்னம், குறை எண் கூட்டல் கழித்தல், இயற்கணிதம் ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். அதிலும் எடுத்துக்காட்டுக் கணக்கை மட்டும். மதியச் சாப்பாடு முடிந்ததும் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து நாலைந்து பேர் போடுவோம். புத்தகம் கையில் இல்லாதவர்கள் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் எந்த வகுப்புப் புத்தகத்தையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கீழ் வகுப்புப் புத்தகத்தை வைத்துப் படிக்க வெட்கப்படுகிற பிள்ளைகளுக்கு அட்டை போட்டுக் கொடுத்துவிடுங்கள், முடிந்தது.

அப்படியும் கணக்கு வராதவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பத்தாவதில் சார் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். நூறு மதிப்பெண் தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி 14. கடைசியில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. மொத்தம் 30. பாஸ் மார்க் 35. மிச்சம் ஐந்து மார்க் கேள்வி ஒன்றே ஒன்று. “இதுக்கு மேல வர்றதெல்லாம் உங்க திறமை, இது வரைக்கும் உங்க கை” என்றார். வடிவியல் உண்மையிலேயே கை வேலைதான். எங்களில் பலரிடம் இருந்த காம்பஸில் திருகு லூசாக இருக்கும். வட்டம் பாதி சுற்றுவதற்குள் பென்சில் நழுவும், ஆரம் மாறிவிடும், தொடுகோடு வட்டத்தைத் தொடாமலே போய்விடும். பென்சில் பிடிக்கிற இடத்தில் ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றினால் அசையாது என்று காட்டிக்கொடுத்தது கொருக்குப்பேட்டைக்காரன். பரீட்சைக்கு முந்தின வாரம் வகுப்பில் இருந்த காம்பஸ் அத்தனையும் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு நின்றது. வாய்ப்பாடு சொல்லத் திணறுகிற பையன்கள்கூட அந்த 16 மார்க்கை விடவில்லை.

அதே பத்தாம் வகுப்பில் இன்னொரு விஷயம். மார்க்கைவிட முக்கியம் என்றுகூடச் சொல்வேன். அரையாண்டை ஒட்டி வகுப்பில் ஒரு பட்டியலைச் சுற்றுக்கு விட்டுப் பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். பொதுத்தேர்வுக்குப் போகிற பெயர்ப் பட்டியல் அதுதான். சான்றிதழில் அதில் இருப்பதுதான் அச்சாகும். பெரும்பாலும் பெல் அடிக்கிற நேரத்தில் வரும், எல்லோரும் பார்க்காமலே போட்டுவிடுவார்கள். காசிமேட்டுப் பையன் ஒருவன் பெயரில் வர வேண்டிய ‘ழ’ ‘ல’வாக இருந்தது. இங்கிலீஷில் இனிஷியலும் வேறு. அவன் சொன்னான். எழுதிக்கொண்டவர் “அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். அச்சாகி வந்தபோது தப்பு அப்படியே இருந்தது. பிறகு நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கிற தேர்வுத்துறைக்கும் பள்ளிக்கும் அவன் அம்மா அலைந்த அலைச்சல், மீன் ஏலத்தில் பல நாள் கூலியைத் தின்றுவிட்டது.

அந்தப் பட்டியல் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் போதும். பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் ஜெராக்ஸ் எடுத்துப் பையில் வைத்திருங்கள். தமிழிலும் இங்கிலீஷிலும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தப்பிருந்தால் அந்த இடத்திலேயே சிவப்பு மையில் திருத்தச் சொல்லிவிட்டு, திருத்தியதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பெல் அடித்தால் அடிக்கட்டும்.

குரூப் எடுக்கிற கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். நானூறுக்கு மேல் வாங்கியவர்களை எல்லாம் ஃபர்ஸ்ட் குரூப்புக்குத் தள்ளினார்கள். அதில் சிலர் பதினொன்றில் தவித்ததைக் கண்ணால் பார்த்தேன். பன்னிரண்டில் கணக்கு எடுக்காவிட்டால் பொறியியல் கலந்தாய்வை மறந்துவிடலாம். ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தவர் பி.காம். படிக்க வரலாம், காமர்ஸ் எடுத்தவர் பொறியியலுக்குப் போவது நடக்காது. இந்த ஒருவழிப் பாதையைத் தெரிந்துகொண்டு, பிறகு பிள்ளைக்கு எது வரும் என்று பார்த்து முடிவு செய்தால் சரி. எனக்குக் கணக்குப்பதிவியல் பிடித்தது, காமர்ஸ் எடுத்தேன். அவ்வளவுதான்.

பதினொன்றாம் வகுப்பின் நடுவில் புயல் வந்தது.

மிக்ஜாம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகள். எங்கள் தெருவில் முட்டி வரைக்கும் தண்ணீர், நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அதைப் பெரிய கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எர்ணாவூர்க்காரி வந்து சொல்லும்வரை. எங்களுக்கு வந்தது வெறும் தண்ணீர். அவர்களுக்கு வந்தது எண்ணெய் கலந்த தண்ணீர். மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு வந்த கச்சா எண்ணெய் எண்ணூர் கழிமுகம் வரைக்கும் பரவியது. மீன்பிடி வலையும் படகும் கறுத்துப்போன படங்கள் பேப்பரில் வந்தன. வீட்டுக்குள் அது என்ன செய்தது என்பதை அவள் பையைத் திறந்தபோதுதான் பார்த்தேன்.

அவள் கணக்குப்பதிவியல் நோட்டு. அழகாகக் கோடு போட்டு எழுதுகிறவள். பற்றுக்கும் வரவுக்கும் தனித்தனி கலர் பேனா. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் பிரித்தால் கிழியாமல், வழவழவென்று பிசுபிசுத்து நீளமாக வந்தது. குறிப்பேட்டுப் பதிவுகள் இருந்த பக்கத்தில் தொகை மட்டும் தெரிந்தது, பெயரெல்லாம் கறுப்பில் போய்விட்டது. பெட்ரோல் பங்க் வாசனை. சோப்பு போட்டுக் கழுவியும் என் கையிலிருந்து அந்த வாசனை சாயங்காலம் வரை போகவில்லை. “இது பரவால்லடி, எங்க வீட்டுச் சுவத்துல இடுப்பு வரைக்கும் கோடு கீது” என்றாள். அவர்கள் காலில் ஒட்டியதைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தார்களாம், சோப்புக்கு அது போகாது.

அரையாண்டுத் தேர்வு சில நாள் தள்ளிப்போனது. வெள்ளத்தில் புத்தகம் போனவர்களுக்கு அரசு புதுப் புத்தகம் கொடுத்தது. புத்தகம் கிடைத்துவிடும், நோட்டு எங்கே கிடைக்கும்? பேரேடு, இருப்பாய்வு எல்லாம் சார் வகுப்பில் போட்ட கணக்குகள். ஆளுக்கு ஒரு பாடம் என்று பிரித்துக்கொண்டு அவளுக்கு எழுதிக் கொடுத்தோம். முதலில் போட்டோ எடுத்து அனுப்பினோம், அவள் போனும் தண்ணீரில் போயிருந்தது தெரியாமல். கையால் எழுதியதில் எனக்கு ஒரு லாபம்: குறிப்பேட்டுப் பாடம் முழுக்க எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. அந்த மாதம் 26ஆம் தேதி ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, சனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ரோட்டுக்கு ஓடினார்கள். அவள் சொந்தக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். அரையாண்டு விடுமுறையில் யாரும் புத்தகத்தைத் திறந்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

வெள்ளம் வரும் ஏரியாக்காரர்களுக்கு எங்கள் வகுப்பில் நிலைத்துப்போன ஏற்பாடு இது: இருபது லிட்டர் பெயிண்ட் வாளி. மூடி இறுக்கமாக இருக்கும், காலி வாளி பெயிண்டர் யாரைக் கேட்டாலும் கிடைக்கும். ரேஷன் கார்டு, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், பாஸ்புக், வருஷ நோட்டு எல்லாம் பாலித்தீன் கவரில் போட்டு அதற்குள். அக்டோபர் பிறந்தால் வாளி பரண் மேல் ஏறிவிட வேண்டும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை டிஜிலாக்கரில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எர்ணாவூர்க்காரியின் அசல் மார்க் ஷீட் வெள்ளத்தில் போயிற்று. சான்றிதழ் தொலைத்தவர்களுக்காக அப்போது அரசு சிறப்பு முகாம் நடத்தியது, அங்கே எழுதிக் கொடுத்தாள். முகாம் நடக்கிற சேதி அவள் வீட்டுக்குப் போனது எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் வழியாக.

2024 மே மாதம் பதினொன்றாம் வகுப்பு ரிசல்ட். எழில் நகர்ப் பையனுக்கு இரண்டு பாடம் போயிற்று. ஜூனில் பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. முகூர்த்த நாளில் கேட்டரிங்குக்குப் பரிமாறப் போகிறவன் அவன். ராத்திரிக்கு ஐந்நூறு, அறுநூறு கிடைக்கும், மறுநாள் வகுப்பில் தூங்குவான். இப்போது முழுநேரமாக ஒரு கன்டெய்னர் யார்டுக்குப் போகிறான் என்றார்கள். இரண்டு பேர் போய்ப் பார்த்தார்கள். விஷயம் எளியது: பதினொன்றில் ஃபெயிலானால் பன்னிரண்டில் உட்கார முடியாது, இன்னொரு வருஷம் பதினொன்றே படிக்க வேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அவன் அப்பாவிடம் யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அப்போதிருந்த விதிப்படி பதினொன்றில் ஃபெயிலானாலும் பன்னிரண்டாவது படிக்கலாம், அந்தப் பாடங்களை அரியராக எழுதிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. இதைச் சொன்னதும், “அப்ப நாளைக்கே வரலாமா?” என்று கேட்டானாம். நாளைக்கு வரவில்லை, யார்டில் சம்பள பாக்கி இருந்தது. ஆனால் ஜூலைக்குள் வந்துவிட்டான்.

ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. இத்தனை பிள்ளைகளில் யார் ஏன் வரவில்லை என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க அவர்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது? வராத பையனின் நண்பனை முதலில் விசாரித்தால் காரணம் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்பது மட்டும் எங்கள் அனுபவம்.

பன்னிரண்டாம் வகுப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. படித்தோம். செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. பாஸாக மொத்தம் 35 வேண்டும், அதில் எழுத்தில் குறைந்தது 15 எடுத்தாக வேண்டும். செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் முழு மார்க் வந்துவிட்டால், எழுத்தில் அந்த 15 எடுத்தாலே பாஸ். இதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கியவர்களும் உண்டு, பயம் போய் ஒழுங்காகப் படித்தவர்களும் உண்டு. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு உள்ளவர்கள் பரீட்சை நாளில் எட்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள். கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி மாட்டினால் கடவுளே வந்தாலும் நகராது. எங்கள் கொருக்குப்பேட்டைக்காரன் பொதுத்தேர்வு நாட்களில் வாட்ச்மேனுக்கு முன்னால் வந்து சென்டர் வாசலில் நிற்பான்.

ஃபேர்வெல் நடந்தது. புடவை எடுக்க எம்.சி. ரோடு போகலாம் என்று சிலர் கிளம்பினார்கள். தமிழம்மா, “அவங்கவங்க அம்மா புடவையைக் கட்டிக்கிட்டு வாங்கடி, அதுதான் அழகு” என்று ஒரு போடு போட்டார். பல வீட்டுச் செலவு மிச்சம். வகுப்புக்கு வசூலித்த காசில் மிஞ்சியதைப் பலரின் இ-சேவைக் கட்டணத்துக்கு வைத்துக்கொண்டது எங்கள் செட் செய்த உருப்படியான வேலை. ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய்தான், ஆனால் சாதி, வருமானம், முதல் பட்டதாரி என்று சேர்ந்தால் சிலருக்கு அதுவே கையைக் கடிக்கும்.

அந்த முதல் பட்டதாரிச் சான்றிதழ் விஷயத்தில் புது வண்ணாரப்பேட்டைக்காரியின் கதையைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் நல்ல மார்க். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புச் செலவை அரசே ஏற்கும். அதை நம்பித்தான் படித்தாள். ஆனால் அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அவள் ஆறும் ஏழும் தனியார் பள்ளி. கொரோனாவில் அப்பாவுக்கு வேலை போய், ஃபீஸ் கட்ட முடியாமல் எட்டாவதில் எங்கள் பள்ளிக்கு வந்தவள். அப்படி வந்தவர்கள் எங்கள் செட்டில் பல பேர். விண்ணப்பத்தில் ஒவ்வொரு வகுப்பும் எந்தப் பள்ளி என்று நிரப்புகிற இடத்தில்தான் விஷயமே தெரிந்தது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கொருக்குப்பேட்டைக்காரன் சும்மா இருக்கவில்லை. அவனுக்கு 7.5இல் இடம் நிச்சயம், இருந்தாலும் அவளோடு இ-சேவை மையத்துக்குப் போனான். வீட்டில் அதற்கு முன் பட்டதாரி யாரும் இல்லாததால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடைத்தது. கலந்தாய்வில் போகிற இடத்துக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசு முழுச் செலவையும் ஏற்பதற்கு அது ஈடாகாது, ஆனாலும் அது இல்லாவிட்டால் அவள் சேர்ந்திருக்க முடியாது. பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பு முடிகிறபோதே யோசியுங்கள். ஆறாம் வகுப்பை எங்கே படிக்கிறது பிள்ளை என்பது பன்னிரண்டு முடித்ததும் வந்து நிற்கும். அரசுப் பள்ளிக்குள்ளேயே இடம் மாறியிருந்தால், படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்று கேட்டு வாங்கி வாளியில் போட்டுவையுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மே மாதத்தில் ஊரே எழுதிப்போடும், ஒவ்வொரு மேசையாக நகர்வதற்குள் கலந்தாய்வு வந்துவிடும்.

மே 8ஆம் தேதி ரிசல்ட். அதற்கு முந்தின நாளே அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பமும் பொறியியல் விண்ணப்பமும் திறந்துவிட்டார்கள். நான் கலைக் கல்லூரிக்கு எழுதினேன். அங்கே எங்களில் பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு இருந்தது. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க்கும் பி.ஏ. இங்கிலீஷுக்கு இங்கிலீஷ் மார்க்கும் பார்ப்பார்கள். மற்றப் படிப்புகளுக்கு மொழிப்பாடம் இரண்டையும் விட்டுவிட்டு நான்கு பாடத்தின் 400 மார்க்கைத்தான் பார்ப்பார்கள். தமிழில் அள்ளியவர்கள், 600க்கு இவ்வளவு வாங்கியும் ரேங்க் ஏன் கீழே போயிற்று என்று குழம்பினார்கள். இன்னொன்று, ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கலந்தாய்வு நடத்தும். ஒரே நாளில் இரண்டு கல்லூரி வந்தால் எதற்குப் போவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களோடு நேரில் நிற்க வேண்டும். எனக்குப் பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரியில் பி.காம். கிடைத்தது, எர்ணாவூர்க்காரிக்கும் அங்கேயே.

எழில் நகர்ப் பையன் மார்ச்சில் ஆறு பாடத்தையும் பாஸ் பண்ணினான். பதினொன்றின் அரியரில் ஒன்று மிஞ்சியது. அதைத் துணைத் தேர்வில் எழுதி முடித்து, மீதியிருந்த இடத்தில் மாலைக் கல்லூரியில் சேர்ந்தான். பகலில் யார்டு. இப்போதும் தூங்குகிறானா என்று கேட்டால் சிரிக்கிறான்.

வகுப்புக்காக ஆரம்பித்த வாட்ஸாப் குரூப்பை நாங்கள் கலைக்கவில்லை. குட் மார்னிங் படம் போட்டால் அட்மின் தூக்கிவிடுவாள், அதனால் உருப்படியாக இருக்கிறது. இப்போது அதில் ஓடுவது புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பணம் பற்றி. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய். பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்தும் பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்தும் தருகிறார்கள். கல்லூரி வழியாகத்தான் பதிய வேண்டும். பணம் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்குப் போகும்.

எனக்கு வந்தது, எர்ணாவூர்க்காரிக்கு வரவில்லை. கல்லூரியில் கேட்டால் உன் பெயரில் பணம் போய்க்கொண்டிருக்கிறது என்றார்கள். வங்கியில் போய் விசாரித்தால், அவள் ஆதார் வேறொரு வங்கிக் கணக்கோடு இணைந்திருந்தது. சின்ன வகுப்பில் ஸ்காலர்ஷிப்புக்காகப் பள்ளியில் திறந்து கொடுத்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு. அவள் அம்மாவுக்கே அது மறந்துபோயிருந்தது, பாஸ்புக் வெள்ளத்தோடு போயிற்று. ஆதாரை எடுத்துக்கொண்டு அந்தக் கிளைக்குப் போனோம். இத்தனை மாதப் பணமும் அங்கே அப்படியே இருந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் பணம் வரவில்லை என்றால் கல்லூரியோடு சண்டைக்குப் போகும் முன், ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேட்டுப் பாருங்கள். அந்தப் பழைய பள்ளிக் கணக்காகத்தான் இருக்கும், பெரும்பாலும்.